பெரிய பெயர் இல்லாத கல்லூரிக்குப் பந்தடிக்க ஆள் சேர்ப்பது எப்படி?

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால் இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனிலேயே பாதிப் பேர், "எது, அந்த ஸ்டோருக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடமா?" என்று கேட்பார்கள். உதைபந்தாட்டம் என்றதும் யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ், இளவாலை சென் ஹென்றீஸ், கொழும்பு ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி என்று வாயில் வரும். அந்த வரிசையில் எங்களை யாரும் சேர்க்கமாட்டார்கள். அங்கெல்லாம் பிள்ளைகள் தாமாகவே போய்ச் சேருவார்கள். அப்பா விளையாடிய இடத்தில் மகன் விளையாடுவான், பழைய மாணவர்கள் ஜெர்ஸி வாங்கிக் கொடுப்பார்கள். பந்துக்காக எங்கள் வாசலுக்கு வந்த பிள்ளை என்று ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள்தான் தேடிப் போகிறோம்.

நான் இங்கே உடற்கல்வி ஆசிரியர். எங்களுடையது 1சி பாடசாலை. உயர்தரத்தில், அதாவது பதினோராம் வகுப்புக்குப் பிறகு வருகிற ஏ.எல். வகுப்பில், கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. கிரவுண்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மட்டமான இடம் இருக்கிறது, ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரம். இதே நிலையில் தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ ஒரு டீமை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வட்டாரத்தில் இருக்கிற மிக நல்ல ஆட்டக்காரன் உங்களுக்குக் கிடைக்கமாட்டான். அவனை நினைத்து நேரத்தை வீணாக்கவேண்டாம். தினமும் வந்து போகக்கூடியவன், இரண்டு வருடம் நிற்கக்கூடியவன் யார் என்று பாருங்கள். அந்தக் கூட்டத்துக்குள் நல்லவனைத் தெரிவு செய்தால் போதும்.

பஸ் போகும் பாதையில் தேடுங்கள்

பாடசாலை ஒன்றரைக்கு விடும். பயிற்சி முடிய நாலரை ஆகும். மாணவர் சீசன் டிக்கெட் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ்ஸில்தான் செல்லும், பிரைவேட் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும். ஆகவே நான் ஆள் தேடத் தொடங்குமுன் முதலில் பார்ப்பது நாலரைக்குப் பிறகு எந்தப் பாதையில் சிவப்பு பஸ் ஓடுகிறது என்பதைத்தான். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகிற பாதை அங்கே பிரிந்து ஒன்று போகவந்தலாவைக்கும் மற்றது மஸ்கெலியாவுக்கும் போகும். மறுபக்கம் கொட்டகலை, தலவாக்கலை. இந்தப் பாதைகளில் எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, மழை நாளில் எது வராது என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாக இருக்கவேண்டும். டிப்போவில் டைம்கீப்பரைச் சிநேகம் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு மிகவும் உதவும்.

மெயின் ரோட்டில் பஸ் இறக்கிவிட்ட பிறகுதான் உண்மையான தூரம் தொடங்குகிறது. தோட்டத்தின் மேல்பிரிவு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தேயிலைக்குள்ளால் ஒரு மணித்தியாலம் நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறரைக்கு இருட்டிவிடும். இந்தப் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்பது கதையில்லை. அதனால் ஒரு தோட்டப் பிரிவிலிருந்து ஒருவனை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு பேராக எடுங்கள். இரண்டாமவன் ஆட்டத்தில் கொஞ்சம் மட்டம் என்றாலும் பரவாயில்லை. துணைக்கு ஆள் இருந்தால் தாய்க்கு மனம் ஆறும். ஒருவன் பயிற்சிக்கு வரப் பஞ்சிப்பட்டால் மற்றவன் இழுத்துக்கொண்டு வருவான். தனியாக எடுத்த நல்ல ஆட்டக்காரன் மழைக்காலம் தொடங்கியதும் நின்றுவிடுவதும், சோடியாக எடுத்த சுமாரானவர்கள் ஏ.எல். முடியும்வரை நிற்பதும் இங்கே வழக்கமாக நடப்பதுதான்.

பதினோராம் வகுப்போடு முடிகிற பாடசாலைகள்

நமக்குச் சாதகமான ஒரே விஷயம் பாடசாலைகளின் அமைப்பிலேயே இருக்கிறது. தோட்டப்புறத்தில் நிறைய இரண்டாம் வகைப் பாடசாலைகள் உண்டு. அங்கே 11ஆம் வகுப்பு வரைதான். 11ஆம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல். பரீட்சை எழுதியவுடன் அந்தப் பிள்ளைகள் எங்காவது மாறியே ஆகவேண்டும். அப்படி மாறுகிறவனை உங்கள் பக்கம் கொண்டுவந்தால் அதை யாரும் ஆள் பிடிப்பு என்று சொல்லமுடியாது.

ஆனால் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று கண்டு அவனை அப்போதே இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காதது ஒருபுறம் இருக்க, அது நட்டமான வேலை. அந்தச் சின்னப் பாடசாலையின் டீம் அதோடு உடைந்துபோகும், அங்குள்ள ஆசிரியர் உங்களை மறக்கமாட்டார். பிள்ளைகளின் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறைந்துவிடும் என்ற பயம் அதிபருக்கு வேறு இருக்கும். ஒரு பையனுக்காகப் பத்து வருடத்து வாசலை மூடிக்கொள்வீர்கள்.

அந்தப் பாடசாலையில் பந்துக்குப் பொறுப்பாக இருப்பவர் பெரும்பாலும் உடற்கல்வி படித்தவராக இருக்கமாட்டார். கணிதம் படிப்பிக்கிற ஒரு சேரோ, சமயம் படிப்பிக்கிற டீச்சரோ ஆசையினால் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஓடவைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள். வருடத் தொடக்கத்தில் இரண்டு புதுப் பந்து கொண்டுபோய்க் கொடுங்கள். ஒட்டுப்போட்ட பழைய பந்தைக் கொடுத்தால் கொடுக்காமலே இருந்திருக்கலாம். வருடத்தில் ஒரு தடவையாவது அவருடைய பிள்ளைகளை உங்கள் கிரவுண்டுக்குச் சிநேகபூர்வ ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் உங்கள் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். சோறும் பருப்பும் நெத்தலிக் கருவாடும் போதும், ஆனால் வயிறு நிறையப் போடவேண்டும். பிறகு வலய மட்டத்தில் உங்கள் டீம் வென்றால், கோல் அடித்தவன் முதலில் எந்தப் பாடசாலையில் படித்தான் என்பதைக் காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். போட்டோவை அந்த அதிபருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் அதைப் பெற்றோர் குழுவில் போடுவார். நீங்கள் காசு கொடுத்து விளம்பரம் செய்தாலும் அந்த அளவுக்குப் போய்ச் சேராது.

இப்படி மூன்று நாலு பாடசாலைகள் கையில் இருந்தால் போதும். பத்துப் பாடசாலைக்கு அரைகுறையாகப் போவதில் பயனில்லை.

ஆட்டத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது

சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். ஏழு பேர் ஆட்டம், ஐந்து பேர் ஆட்டம், லவுட்ஸ்பீக்கரில் நேரடி வர்ணனை வேறு. அங்கே போங்கள். நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுபோகவேண்டாம். எழுதுகிற ஆளைக் கண்டால் தோட்டத்தில் எல்லாரும் நிர்வாகத்து ஆள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா யாராவது ஒருவர் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பையன் யாருடைய பேரன், யார் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான், யார் பெட்டிக்கடைப் பக்கம் நிற்கிறான் எல்லாம் தானாக வரும்.

தோட்டத்துக் கிரவுண்ட் பொய் சொல்லும், அதைக் கவனிக்கவேண்டும். பாதி இடங்களில் மைதானம் மலையை வெட்டி எடுத்த துண்டு, ஒரு பக்கம் சரிவு. இறக்கத்தை நோக்கி ஆடுகிற பாதியில் எவனும் வேகமானவனாகத் தெரிவான். நான் ஏற்றத்தை நோக்கி ஆடுகிற பாதியில்தான் பிள்ளைகளைப் பார்ப்பேன். இரண்டு தடவை ஏறி இறங்கிய பிறகும் மூன்றாவது தடவை ஏறுகிறவன் யார்? பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவன் யார், திரும்ப ஓடி வருகிறவன் யார்? தேயிலைக்குள் விழுந்த பந்தை எடுக்கச் சின்னப் பிள்ளையை ஏவுகிறானா, தானே குதிக்கிறானா? கோல் அடிக்கிறவனுக்கு எல்லாரும் கைதட்டுவார்கள், பெரிய பாடசாலைக்காரர்களும் அவனைத்தான் பார்ப்பார்கள். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனை நீங்கள் பாருங்கள்.

சின்னக் கிரவுண்டில் நாலு பேரை ஏய்க்கிறவன் பெரிய கிரவுண்டில் காணாமல் போவதும் உண்டு. முடிவெடுக்கும் முன் நோர்வூட்டிலோ ஹட்டன் டன்பாரிலோ முழு அளவு மைதானத்தில் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

மழையிலும் ஒரு முறை பாருங்கள். எங்கள் பக்கத்தில் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். அங்கே மழை வருட முடிவில்தான். இங்கே எங்கள் போட்டிகளில் பல சேற்றில்தான் நடக்கும், அதனால் சேற்றில் பந்தை உயர்த்தி அடிக்கத் தெரிந்தவன் எனக்கு வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: மலையில் ஓடிப் பழகியவனுக்கு மூச்சு நிறைய இருக்கும், எங்கே போனாலும் ஓடுவான் என்று பெருமையாகப் பேசுவோம். கொழும்பு வெயிலில் இரண்டாம் பாதியில் அந்தப் பெருமை வற்றிவிடும். கீழே ஒரு போட்டி இருக்கிறது என்றால் முதல் நாளே இறங்கித் தங்க ஏற்பாடு செய்யுங்கள், தண்ணீர் போத்தலை நீங்களே சுமந்துபோங்கள்.

கோல் கீப்பர் கிடைப்பதுதான் எப்போதும் கஷ்டம். தோட்டத்துப் பையன்களில் யாரும் ஆசைப்பட்டுக் கோலுக்குள் நிற்பதில்லை, ஓடமுடியாதவனைத்தான் நிறுத்துவார்கள். நான் கீப்பரைப் பந்தடிக்கிற இடத்தில் தேடுவதை விட்டுவிட்டேன். கரப்பந்தாட்டம்தானே நமது தேசிய விளையாட்டு, லயத்துக்கு லயம் வலை கட்டியிருப்பார்கள். அங்கே போய் உயரமாக, வலைக்குப் பக்கத்தில் பயமில்லாமல் குதிக்கிறவனைப் பாருங்கள். கை தயார், கண் தயார். காலால் உதைக்க நாம் பழக்கிவிடலாம்.

தாயிடம் பேசுவது

பையன் சம்மதித்துவிடுவான், அது பெரிய வேலையில்லை. வீட்டில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. பின்னேரம் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, தாய் வீட்டுக்கு வந்து முகம் கழுவி அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குப் போகாதீர்கள், கொஞ்சம் பிந்திப் போங்கள். சம்பள நாளை முழுதாகத் தவிருங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிற தேத்தண்ணியைக் குடியுங்கள். வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் முதலில் அவரிடம் நலம் விசாரியுங்கள். கடைசியில் ஒரு வார்த்தை சொல்லப்போவது அந்தக் கிழவிதான்.

எங்கள் வீடுகளில் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பந்து வெளையாடி சோறு வருமா சேர்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு போட்டியாளன் நிற்கிறான். அது பக்கத்துப் பெரிய பாடசாலை என்று நினைத்தால் தப்பு. கொழும்புக் கடைதான் நமக்குப் போட்டி. ஓ.எல். எழுதிய கையோடு புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் வேலைக்குப் போன பையன் தீபாவளிக்குப் புது போனும் ஜீன்ஸுமாக லயத்துக்கு வருவான், வீட்டுக்குக் காசும் கொண்டுவருவான். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான், அதிலும் வேலை கொடுக்கிற நாளுக்கு மட்டும். அந்த வீட்டுக்கு முன்னால் நின்று விளையாட்டின் மகிமை பேசினால் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் இப்படித்தான் சொல்வேன்: "பந்து சோறு போடாதுக்கா. ஏ.எல். சோறு போடும். பந்து இருந்தா அவன் ஏ.எல். முடியிறவரைக்கும் பள்ளிக்கூடத்துல நிப்பான்." இதில் பொய் எதுவும் இல்லை. ஏ.எல். இருந்தால் ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு, பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சிறப்பு அனுமதி இருக்கிறது, ஆனால் அதற்கும் ஏ.எல். சித்தி வேண்டும், கிடைப்பதும் மிகச் சிலருக்கு. பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் சொந்தமாக உதைபந்தாட்ட அணி உண்டு, நல்ல ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். இதைச் சொல்லும்போது வீட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் தாய்மார் பலருக்கு இராணுவம் என்றால் முகம் மாறும். பொலிஸ் என்று தொடங்கினால் கொஞ்சம் கேட்பார்கள்.

தேசிய அணிக்குப் போவான் என்று மட்டும் எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். 2023இல் ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை நமது உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே ஃபிஃபா தடைசெய்து வைத்திருந்தது. அந்தக் கனவைக் காட்டி ஆள் சேர்க்கிறவரை எனக்குப் பிடிப்பதில்லை.

வாக்குக் கொடுப்பதென்றால் உங்கள் கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவேன். பூட்ஸ் பாடசாலையிலிருந்து தருவேன், திருப்பித் தரவேண்டும். பரீட்சை மாதத்தில் பயிற்சி இல்லை. இவற்றோடு, பையனைப் பார்த்துச் சொல்ல ஒன்று இருக்கிறது: "முதல் வருடத்திலேயே நீ ஆடுவாய்." இதைப் பெரிய பாடசாலை சொல்லவே முடியாது. அங்கே போனால் இவன் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஆள் சேர்ப்பு ஒரு முழுநேர வேலை. அங்கே ஃபுட்போல் என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம், அது கிடக்கட்டும். அங்கே கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் இருக்கிற கல்லூரிகளுக்கு விளையாட்டுக்கென்று உதவிப்பணம் கொடுக்கவே அனுமதியில்லை. அவையும் வருடா வருடம் டீம் கட்டுகின்றன, படிப்பையும் ஆடும் வாய்ப்பையும் காட்டித்தான். 2007இல் மேல் வரிசையில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தை, 85 பேருக்கு உதவிப்பணம் கொடுக்கக்கூடிய அந்த டீமை, அதற்குக் கீழே 63 பேருக்கான உதவிப்பணத்தோடு ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட் அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே 34–32 என்று வென்றது. எங்கள் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "சேர், அவங்களுக்கு 63 பேருக்கு காசு, நமக்கு 6 சோடி பூட்ஸ்தானே" என்றான் ஒருவன். சரியாகத்தான் சொன்னான்.

பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் நடுவில்

பிள்ளைகள் கைநழுவுவது இந்த இடைவெளியில்தான். முன்பு ஓ.எல். டிசம்பரில் நடக்கும். கொரோனாவுக்குப் பிறகு அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது: 2023க்குரியது 2024 மே மாதம், 2024க்குரியது 2025 மார்ச் மாதம். எப்போது நடந்தாலும் பெறுபேறு வர மாதக்கணக்காகும், அந்த மாதங்களில் கொழும்புக் கடைக்காரர் ஆள் கேட்டு வருவார். ஆகவே கடைசிப் பாடம் எழுதி முடிந்த அடுத்த கிழமையே பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். அவன் இன்னும் உங்கள் மாணவன் இல்லை, போட்டியில் ஆடமுடியாது. ஆனால் கிரவுண்டுக்கு வரலாம். கிழமையில் இரண்டு பின்னேரம், கூடவே ஏ.எல்.இல் படிக்கிற மூத்த பையன் ஒருவனைக் கொண்டு வர்த்தகமோ அரசியலோ ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள். கணிதத்தில் தவறிவிடுவோம் என்ற பயத்தில் இருக்கிறவனுக்கு, தவறினாலும் திரும்ப எழுதலாம் என்பதையும் அப்போதே விளக்கிவிடுங்கள். பயத்தினால் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

பயிற்சிக்கு முன் எதையாவது சாப்பிடக் கொடுக்கவேண்டும். காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு வந்தவன் நாலு மணிவரை வெறும் வயிற்றோடு ஓடமுடியாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டு அவித்த கடலையும் ப்ளேன்டீயும் ஒழுங்கு செய்தோம். டவுன் கடைக்காரர்கள் ஜெர்ஸி தருவதற்கு ஆசைப்படுவார்கள், ஏனென்றால் அதில் பெயர் போடலாம். கடலைக்குக் காசு தர ஒருவரும் வரமாட்டார். ஜெர்ஸி பழையதாக இருக்கட்டும், முதலில் கடலைக்குக் கேளுங்கள்.

பூட்ஸ் விஷயத்தில் ஒன்று. புதிதாக ஒரு சோடி வாங்க ஒரு தாயின் பல நாள் சம்பளம் போகும், பையனின் கால் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். அளவு வாரியாகப் பாடசாலையில் வைத்து, பெயர் எழுதிக் கொடுத்து வாங்குவதே நல்லது. வெறுங்காலோடு ஆடிப் பழகியவனை முதல் நாளே பூட்ஸ் போட்டு மெட்ச்சுக்கு இறக்காதீர்கள், கொப்புளத்தோடு இரண்டு கிழமை படுத்துவிடுவான்.

பத்திரங்கள்

பாடசாலை மாறி வந்த மாணவன் எப்போதிலிருந்து ஆடலாம், வயதுப் பிரிவு எந்தத் திகதியிலிருந்து கணக்கு என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. அந்த வருடச் சுற்றறிக்கையை வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டு வாங்கி நீங்களே வாசியுங்கள், "போன வருசம் இப்படித்தான் சேர்" என்று பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் சொல்வதை நம்பவேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், தகப்பன் பெயர் இரண்டிலும் வேறு வேறு. சில பேருக்குப் பிறந்த திகதியே மாறியிருக்கும். வயதுப் பிரிவுப் போட்டியில் எதிரணி முறைப்பாடு செய்தால் முழு டீமும் வெளியே. திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும், அதற்குத் தாய் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலையையும் சம்பளத்தையும், விட்டுவிட்டு வரவேண்டும், ஒரு நாளில் முடியவும் முடியாது. போட்டிக்கான விண்ணப்பம் மூடுகிற கிழமையில் ஓடித்திரியாமல், பையன் வீட்டுக்குப் பேசப் போகிற அன்றைக்கே சான்றிதழைக் கேட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.